படம் யார் பக்கம் நிற்கிறது?

"குடும்பம், ஒழுக்கம், பெரியவர்களுக்கு மரியாதை என்று வாழ்கிறவர்கள் நாங்கள். எல்லோரும் கொண்டாடும் ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று முடிவெடுக்க எதை அளவுகோலாக வைப்பது? கெட்ட வார்த்தை எத்தனை, முத்தம் எத்தனை என்று எண்ணினால் பிற்போக்கு என்கிறார்கள். எண்ணாமல் விட்டால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது?" இதுதான் கேள்வி. நானும் பல வருடம் இதே இடத்தில் தடுமாறியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எண்ணுவது தவறில்லை. ஆனால் அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் படம் நம் பரிவை யாருக்கு வாங்கிக் கொடுக்கிறது என்பதை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழும்போது யார் ஜெயிக்க வேண்டும் என்று நாம் ஏங்கினோம், யாரைப் பார்த்துச் சிரித்தோம், யார் அழுதபோது நமக்கு ஒன்றுமே தோன்றவில்லை? ஒரு படத்தின் ஒழுக்கம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு 11 வயது இருக்கும்போது ஒரு படத்தை வேண்டாம் என்று சொன்னேன். அதில் ஒரே ஒரு வசைச்சொல் வரும், அதுதான் காரணம். இறந்துபோன தம்பியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்கும் ஒருவனின் கதை அது. அதற்குப் பதிலாக 'சுத்தமான' நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கெட்ட வார்த்தை கிடையாது, சண்டை கிடையாது, ஆபாசம் கிடையாது. ஆனால் அதில் வரும் அம்மா வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை கண்ணை உருட்டி மேலே பார்ப்பான். கூடவே ஒரு வேடிக்கை இசை. அம்மா பேசி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். அவள் சொல்ல வந்தது என்ன என்று படத்துக்கே அக்கறை இல்லை. இரண்டு நாள் கழித்து என் மனைவி அவனிடம் புத்தகப் பையை எடுத்து வைக்கச் சொன்னாள். அதே கண் உருட்டல், அதே தோள் குலுக்கல். அவள் ஒன்றும் பேசவில்லை. பையைத் தானே எடுத்து அலமாரியில் வைத்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அளவுகோலைப் பற்றிப் பேசும் முன் 'குடும்ப மதிப்புகள்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை வெளிப்படையாக வைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் நமக்குப் பிடிக்காததையெல்லாம் அந்தப் பெயரில் தள்ளிவிடுவோம். என் கணக்கில் அவை இவை: கொடுத்த வாக்கைக் காப்பது, திருமண உறவில் உண்மையாக இருப்பது, பெற்றவர்களை மதிப்பது, பிள்ளைகளின் நலனைத் தன் ஆசைக்கு மேலே வைப்பது, உழைத்துச் சாப்பிடுவது, கோபத்துக்கும் காமத்துக்கும் ஒரு கடிவாளம், தன் செயலின் விளைவைத் தானே சுமப்பது. யார் யாரோடு பழகலாம், எந்த நிறத்தவர் யாரை மணக்கலாம் என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் வராது. வரலாற்றில் அப்படிச் சேர்க்கப்பட்டது உண்டு.

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளையே எடுத்துக்கொள்வோம். மார்ட்டின் குவிக்லி என்ற கத்தோலிக்கப் பத்திரிகை அதிபரும் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் எழுதிக் கொடுத்த விதிகளை 1930-இல் படத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஏற்றுக்கொண்டது. சங்கத் தலைவர் வில் ஹேஸின் பெயரால் அது ஹேஸ் விதி எனப்பட்டது. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் அதைக் கறாராக நடைமுறைப்படுத்தினார். அதன் பொதுக் கொள்கைகளில் ஒன்று, பார்வையாளரின் பரிவு ஒருபோதும் குற்றத்தின் பக்கமோ தீமையின் பக்கமோ பாவத்தின் பக்கமோ தள்ளப்படக் கூடாது என்கிறது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆகியும் இதைவிடக் கூர்மையான அளவுகோலை நான் பார்க்கவில்லை. தீமையைக் காட்டாதே என்று அது சொல்லவில்லை. அதன்மேல் ஆசை வர வைக்காதே என்கிறது.

அந்த விதிகளிலேயே, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான காதலைக் காட்டக் கூடாது என்ற தடையும் இருந்தது. ஒழுக்கத்தின் பெயரில் உள்ளே நுழைந்த வெறும் இனத் திமிர் அது. நம் பக்கத்து ஆட்கள் இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் மீதியைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கும்.

அந்தக் காலத்தில் வந்த 'காசாபிளாங்கா' (1942) படத்தைப் பாருங்கள். திருமணமான ஒரு பெண்ணுக்கும் அவளுடைய பழைய காதலனுக்கும் நடுவில் இன்னும் அணையாத நெருப்பு. எண்ணிப் பார்த்து முடிவெடுக்கிறவர் கதைச் சுருக்கத்தைப் படித்ததுமே தள்ளி வைத்துவிடுவார். ஆனால் முடிவில் ரிக் தன் காதலைத் தியாகம் செய்து, இல்சாவை அவள் கணவனோடு விமானம் ஏற்றி அனுப்புகிறான். முக்கியமான விஷயம் என்னவென்றால், அந்தக் கணவனைப் படம் கேவலப்படுத்துவதே இல்லை. லாஸ்லோ தைரியசாலி, கண்ணியமானவன், மனைவிமேல் அன்புள்ளவன். அவனை முட்டாளாகவோ கொடியவனாகவோ காட்டியிருந்தால் நம் மனம் எளிதாகத் தாவியிருக்கும். காட்டவில்லை. அதனால்தான் அந்தத் தியாகத்துக்கு எடை இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தந்திரத்தை எத்தனையோ காதல் படங்களில் பார்க்கலாம். மணமேடை வரை வந்த பெண் கடைசி நிமிடத்தில் நாயகனோடு ஓடுவாள். விடப்பட்ட மாப்பிள்ளை யார்? கர்வம் பிடித்தவன், பணத்திமிர் பிடித்தவன், இல்லையென்றால் அசடு. அப்படி எழுதினால்தான் அவனுக்காக யாரும் வருந்த மாட்டார்கள். அவன் நல்லவனாக இருந்தால் அந்த ஓட்டம் எப்படித் தெரியும் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். கணவனைப் பிரிவதை விடுதலையாகவும் கொண்டாட்டமாகவும் காட்டும் படங்களில் இன்னொன்றைக் கவனிக்கலாம். அங்கே குழந்தை இருந்தால் முக்கியமான காட்சிகளில் அது எப்போதும் பள்ளியிலோ பாட்டி வீட்டிலோ இருக்கும். விலை கொடுக்க வேண்டியவரைச் சட்டகத்துக்கு வெளியே வைத்துவிட்டால் விலையே இல்லாததுபோல் ஆகிவிடும். ஒழுக்கக் கேட்டைக் காட்டும் படம் என்பதைவிட, அதன் கணக்கை மறைக்கும் படம் என்பதுதான் என் பெரிய குற்றச்சாட்டு.

கோவலன் கண்ணகியை விட்டு மாதவியிடம் போனதைச் சிலப்பதிகாரம் மறைக்கவில்லை. மாதவியைக் கெட்டவளாகவும் வரையவில்லை, அவள் வலியும் நமக்குத் தெரிகிறது. ஆனாலும் வீட்டில் காத்திருப்பவளை இளங்கோ ஒரு நொடியும் மறக்கவிடுவதில்லை. திரும்பி வந்தவனிடம் கொடுக்க அவளிடம் மிஞ்சியிருப்பது சிலம்பு மட்டும்தான். அந்தக் கதையை யாராவது குடும்பத்துக்கு ஆகாதது என்பார்களா?

குழந்தைகள் படங்களுக்கு வருகிறேன். பெற்றோர் மிகவும் அசட்டையாக இருக்கும் இடம் இதுதான். மீன், முயல், இளவரசி என்றால் கேள்வி கேட்காமல் போட்டுவிடுகிறோம். இரண்டு கடல் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் பிள்ளை தகப்பன் சொல்லை மீறுகிறது.

'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில் ஏரியலின் தந்தை டிரைட்டன், மகள் சேர்த்து வைத்த மனித உலகப் பொருட்களைக் கோபத்தில் சுக்குநூறாக்குகிறார். அவள் சூனியக்காரியிடம் போய்க் குரலை அடகு வைத்து ஒப்பந்தம் போடுகிறாள். கடைசியில் மகளுக்குப் பதிலாகத் தந்தை தன்னையே கொடுக்கிறார். அவள் மன்னிப்பும் கேட்கிறாள். ஆனால் பாட்டும் வண்ணமும் எல்லாம் அவளுடைய ஏக்கத்துக்கே கொட்டிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மன்னிப்பு ஒரு சில நொடிகளில் கடந்துபோகிறது. முடிவில் அவள் ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வருகிறது. ஆண்டர்சன் 1837-இல் எழுதிய மூலக் கதையில் கடல்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதில்லை. அவனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் கத்தியை எறிந்துவிட்டுக் கடலில் குதிக்கிறாள். படம் அந்தத் தியாகத்தை மகளிடமிருந்து எடுத்துத் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டது. இந்தப் படத்தை நான் தடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தந்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடத்தைப் பிள்ளையோடு பேசாமல் விடக் கூடாது.

'ஃபைண்டிங் நீமோ' (2003) வேறு மாதிரி. மார்லினின் பயத்துக்குக் காரணம் என்ன என்பதைப் படம் முதலிலேயே காட்டிவிடுகிறது. மனைவியையும் ஒன்றைத் தவிர எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் இழந்தவன் அவன். அதனால் அவன் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கும்போது நமக்கு எரிச்சல் வந்தாலும் ஏளனம் வருவதில்லை. நீமோ அப்பாவைச் சீண்டுவதற்காகவே படகு வரை நீந்திப் போய்த் தொடுகிறான், பிடிபடுகிறான். மீறலுக்கு உடனடியாக விளைவு. அதன்பின் அப்பா கடலையே கடக்கிறான். இறுதியில் வலையில் சிக்கிய மீன்களைக் காப்பாற்ற நீமோ உள்ளே போக வேண்டியிருக்கும்போது மார்லின் அவனை விடுகிறான். தகப்பன் திருந்துகிறான், மகனும் திருந்துகிறான், இருவரில் யாரும் கேலிப்பொருள் ஆகவில்லை. தகப்பனைக் குறை சொல்லாத படம்தான் நல்ல படம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வேன். தவறு செய்யும் தந்தையைக் காட்டலாம். அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று கேட்காமல் அவரைச் சிரிப்புக்கு இரையாக்குவதைத்தான் ஏற்க முடியாது.

இதெல்லாம் சொன்னதும் சிலர், "அப்படியானால் நோக்கம் நல்லதாக இருந்தால் எதையும் காட்டலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

1960-களில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா சிறு பிள்ளைகளிடம் நடத்திய பொம்மைச் சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965-இல் வெளியான ஒன்றில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து நொறுக்கும் படம் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டது. ஒரு குழுவுக்குக் காட்டியதில் அடித்தவருக்குப் பரிசு, இன்னொன்றில் தண்டனை, மூன்றாவதில் ஒன்றுமில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றதும் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. தண்டனை கையைக் கட்டிப் போட்டதே தவிர, மனதில் பதிந்ததை அழிக்கவில்லை. கடைசி ரீலில் வில்லன் செத்துவிட்டான், பிறகென்ன என்பவர்களுக்கு இது போதுமான பதில். பெரியவர்கள் முழுப் படத்தையும் ஒரு வாதமாகப் பார்க்கிறோம். குழந்தை துண்டு துண்டாகப் பார்க்கிறது, அதற்குப் பிடித்த துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே வயதுக்கு மீறிய காட்சி, எவ்வளவு உயர்ந்த கதையில் வந்தாலும், அந்த வயதுக்கு வேண்டாம்.

உடல் சம்பந்தப்பட்ட காட்சிகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு. திரையில் கொலை நடந்தால் யாரும் சாவதில்லை. நடிகர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். நிர்வாணம் அப்படி இல்லை. அந்த நடிகையின் உடை உண்மையாகவே களையப்படுகிறது, இத்தனை பேர் நடுவில், என்றென்றைக்குமாக. அவள் ஒருத்தியின் மகள், நாளைக்கு ஒருவனின் தாய். இதைச் சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். எந்த நடிகைக்கும் அந்தக் கண்ணியம் உண்டு என்று நம்புவதால்தான் சொல்கிறேன்.

சான்றிதழ்களை எவ்வளவு நம்பலாம்? ஓரளவுக்கு. அமெரிக்காவில் 1968 நவம்பரில் ஹேஸ் விதி போய் வயதுத் தரவரிசை வந்தது. இரண்டு படங்களின் வன்முறை பெற்றோரைக் கொதிக்க வைத்ததால் 1984-இல் பி.ஜி.-13 (13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்) என்ற புதிய படி சேர்ந்தது. அங்கே படங்களுக்குத் தரம் போடுகிறவர்களும் பெற்றோர்களே. ஒரு குறிப்பிட்ட கடுமையான பாலியல் வசைச்சொல் ஒரு முறை வந்தால் பி.ஜி.-13, அதற்கு மேல் வந்தால் பொதுவாக ஆர் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்) என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவில் 2023 சட்டத் திருத்தம் யு/ஏ-வை 7, 13, 16 வயது என்று பிரித்தது. இவையெல்லாம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தரவரிசை சொல்வது படத்தில் என்ன இருக்கிறது என்பதை. அது எதைக் கொண்டாடுகிறது என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. ரத்தம் தெறிக்காமல் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் படம் சிறுவர்களுக்கு எட்டும் தரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ரத்தமும் வலியும் தெரிகிற படத்தைவிட, சாவு பாரமே இல்லாத இந்தப் படங்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நம்மிடம் உள்ள குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை, பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) இன்று குடும்பப் படத்துக்கே இலக்கணமாக மதிக்கப்படுகிறது. தம்பிக்காக, ஊருக்காக, மனைவி மக்களுக்காகத் தன் கனவுகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த ஒருவனின் கதை. 1947-இல் எஃப்.பி.ஐ. ஆவணம் ஒன்று இந்தப் படத்தையே சந்தேகப் பட்டியலில் குறித்தது. வங்கிக்காரரைக் கொடியவராகக் காட்டுவது கம்யூனிஸ்டுகளின் தந்திரம் என்பது காரணம். ஒரு பாத்திரத்தின் தொழிலைப் பார்த்தார்கள், கதையின் இதயத்தைக் கோட்டைவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் படத்தில் 8,000 டாலரைச் சுருட்டிக்கொண்ட அந்த வங்கிக்காரர் பாட்டர் கடைசிவரை தண்டனை அனுபவிப்பதில்லை. ஹேஸ் விதி கோலோச்சிய காலத்திலேயே அப்படி. ஆனாலும் படம் முடியும்போது பாட்டராக வாழ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது.

இரண்டாவது குறை, நமக்குப் பிடித்த பாவங்களை மன்னித்துவிடுவது. நாயகன் தாயின் காலைத் தொட்டு வணங்கினால் போதும், பிறகு அவன் சட்டத்தைக் கையில் எடுத்து ஐம்பது பேரை வெட்டினாலும் 'நல்ல குடும்பப் படம்' என்கிறோம். முத்தத்துக்கு முகம் சுளிக்கும் நாம் பழிவாங்கலுக்குக் கைதட்டுகிறோம். பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பவனைக் காதலன் என்று ஏற்றுக்கொள்கிறோம். கடிவாளம் என்பது கோபத்துக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, உபதேசப் படங்களுக்குத் தரும் சலுகை. கருத்து நல்லது என்பதற்காகத் தட்டையான படத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டினால், நல்லவர்கள் சுவாரசியமற்றவர்கள் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கலையில் தோற்ற படம் கருத்திலும் தோற்றதுதான்.

இனி வீட்டில் எப்படி? சந்தேகமுள்ள படத்தை முதலில் நான் தனியாகப் பார்க்கிறேன், அல்லது என் மனைவி பார்க்கிறாள். பத்து வயதுக்குள் என்றால் எங்கள் முடிவுதான், விவாதம் இல்லை. அதற்கு மேல் காரணத்தைச் சொல்கிறோம். சேர்ந்து பார்க்கும்போது பாதியில் நிறுத்திப் பாடம் நடத்துவதில்லை, அது படத்தையும் கெடுக்கும், நம் மதிப்பையும் கெடுக்கும். எதிர்பாராமல் தகாத காட்சி வந்தால் மட்டும் சத்தம் போடாமல் தாண்டிவிட்டு, ஏன் தாண்டினேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவேன். படம் முடிந்து தட்டு கழுவும்போதோ மறுநாள் நடந்து போகும்போதோ, "அந்தப் படத்துல யாரைப் பார்த்தா உனக்குப் பாவமா இருந்துச்சு?" என்று கேட்பேன். எது நல்லது, எது கெட்டது என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்ல வராது.

'பிற்போக்கு' என்று சொல்கிறவர்களிடம் கொள்கை பேசிப் பயனில்லை. காட்சியைப் பேசுங்கள். "இந்தப் படம் கெட்ட படம்" என்றால் சண்டைதான் வரும். "அந்த மாப்பிள்ளை மண்டபத்தில் தனியாக நின்றானே, அவன் முகத்தை ஏன் ஒரு தடவைகூடக் காட்டவில்லை?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மனதுக்குள் அந்தப் படத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். என் மகனுக்கு இப்போது 19 வயது. நான் அன்று மறுத்த படத்தைப் போன மாதம் அவனே தேடிப் போட்டான், மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வசைச்சொல் வந்தபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தம்பி பிள்ளைகளுக்குப் பெரியப்பனுக்கும் மேலாக நின்றவன் பள்ளி வாசலில் மழையில் காத்திருக்கும் காட்சி வந்தபோது, அம்மாவின் பக்கம் திரும்பினான்.